சனிக்கிழமை சம்பளம் கேட்டுத்தான் பில்டரைப் பிடித்தோம்

போன ஆவணியில் குடிவந்தோம். கோவில்பட்டிப் பக்கம் 4 சென்ட் இடம், அதில் 1,150 சதுர அடியில் தரைத்தள வீடு. பில்டரை எப்படிப் பிடித்தீர்கள் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். சதுர அடிக்கு 2,050, 2,300, 2,450. என் வீட்டுக்காரருக்கு 2,050 மேலேயே கண். "கிட்டத்தட்ட மூணு லட்சம் மிச்சம்" என்று ஒரு வாரம் அதே பேச்சு. நான் கூட்டுறவு வங்கியில் கணக்கு பார்க்கிறவள்; எதில் என்ன சேரவில்லை என்றுதான் முதலில் தேடுவேன். 2,050 சொன்னவர் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு எல்லாவற்றையும் தனி என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். கூட்டினால் 3,25,000. 2,300 சொன்னவர் மூன்றையும் சேர்த்தே சொல்லியிருந்தார். ஆக, மலிவானவர்தான் முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு அதிகம்!

அப்படியும் இவருக்கு மனசு ஆறவில்லை. சரி, ஆளையே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். முடித்த வீட்டைக் காட்டச் சொன்னால் யாரும் பெயிண்ட் வாசம் போகாத வீட்டைத்தான் காட்டுவார்கள். அதனால் வேலை நடக்கிற சைட்டுக்கு, சொல்லாமல், காலை டீ நேரத்தில் போனேன். சித்தாள் வேலை பார்க்கிற அக்காக்களோடு உட்கார்ந்து, "சனிக்கிழமை சம்பளம் ஒழுங்கா வருதாக்கா?" என்று பேச்சுக் கொடுத்தேன். முதல் ஆளின் சைட்டில் சிரித்துவிட்டார்கள். "ரெண்டு வாரம் பாக்கி நிக்குதும்மா." இரண்டாமவர் சைட்டில், "மழை பேஞ்சு பாதி நாள் நின்னாலும் சாயங்காலம் கைக்கு வந்துரும்" என்றார்கள். சம்பளம் நிற்கிற சைட்டுக்குக் கொத்தனார் திங்கட்கிழமை வரமாட்டார். நம் வீடு லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட்) மட்டத்தோடு நின்று வெயில் காயும். இதைக் கேட்டபிறகுதான் இவர் 2,050-ஐ விட்டு 2,300-க்குச் சரி என்றார்.

எங்களுடையது கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். முதல் ஆள் இடத்தைப் பார்க்காமலே அஸ்திவாரத்துக்கு நாலடிக் குழி போதும் என்றிருந்தார். 2,300 சொன்னவர் முதலில் ஒரு குழி தோண்டிப் பார்க்கச் சொன்னார். ஏழடியில்தான் சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக் கல் மண்) தட்டியது. அங்கேதான் ஃபுட்டிங் (அஸ்திவாரத்தின் அடிப்பாதம்) உட்கார்ந்தது. தோண்டிய கரிசலைத் திரும்ப உள்ளே கொட்டக்கூடாது, கிராவல்தான் நிரப்ப வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

அதற்காக அவரைத் தலையில் தூக்கி வைக்கவில்லை. ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் இவர் மேலே ஏறிப் பார்த்தால், பல இடத்தில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக்குக்கு (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) பதில் ஜல்லியைச் செருகி வைத்திருக்கிறார்கள். ரூஃப் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும். "முப்பது வருசமா இப்படித்தான் போடுறேன்" என்று மேஸ்திரி முறைத்தார். பில்டர் வந்து பார்த்து, லைட் போட்டு இரவோடு இரவாக மாற்றினார். நாங்கள் ஏறிப் பார்க்காவிட்டால் அது அப்படியே மூடிப்போயிருக்கும்.

மறுநாள் கான்கிரீட் போட்டு நாலாம் நாள் பொங்கல். ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது என்பதால் பாத்தி கட்டியிருந்த ரூஃபில் நாங்கள் இரண்டு பேரும்தான் தண்ணீர் விட்டோம். பொங்கல் பானை பொங்கியதை நான் மட்டும் பார்த்தேன். இவர் ஹோஸ் பைப்போடு மாடியில்.

எட்டு மாதம் என்றது பன்னிரண்டு மாதம் ஆனது. ஐப்பசி மழையில் ஒரு மாதம் போனது. மற்றதெல்லாம் எங்களால். சுவர் லிண்டல் வரை வந்தபிறகு சமையலறையை இரண்டடி தள்ளச் சொன்னது நான். எவ்வளவு ஆகும் என்று அன்றைக்குக் கேட்கவில்லை, எழுதியும் வாங்கவில்லை. பில்லில் 38,000 ரூபாய் வந்து நின்றது. இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மலிவானவரை விட்டதில் மிச்சம் பிடித்த தொகையும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

தஞ்சாவூர் உறுப்பினர்:

நாங்கள் லேபர் கான்ட்ராக்ட் விட்டோம், பொருள் எங்களுடையது. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசினால் ஜிஎஸ்டி இல்லை. பொருளோடு சேர்த்து விட்டால் 18 சதவீதம். உங்கள் கொட்டேஷனில் அது சேர்ந்திருந்ததா? என் மச்சான் கேட்காமல் விட்டு, கடைசித் தவணையில் மாட்டிக்கொண்டார். ஆனால் எங்கள் வழியில் தூக்கம் போய்விடும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) லாரி ராத்திரி பதினோரு மணிக்கு வரும், நாம்தான் நிற்க வேண்டும். கம்பியை எண்ணியும் பாருங்கள். 10 எம்எம் மீட்டருக்கு 617 கிராம், 12 மீட்டர் கம்பி ஒன்று 7.4 கிலோ. எனக்கு முதல் லோடிலேயே எடைச்சீட்டும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை.

மதுரை உறுப்பினர்:

சித்தாள்களிடம் விசாரித்தது பில்டருக்குத் தெரிந்தால் கோபிக்க மாட்டாரா அக்கா?

கோவில்பட்டியிலிருந்து மீண்டும் நான்:

தெரிந்துதான் போனது தம்பி. "என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்று சிரித்தார். கேட்டிருந்தால் யாராவது இல்லை என்பார்களா?

தஞ்சாவூர்க்காரருக்கு: ஜிஎஸ்டி சேர்த்துத்தான் ரேட் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினோம்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். போர்டிகோ தரையில் ஓரமாக ஒரு விரிசல் ஓடுகிறது. அந்த இடத்தில் மட்டும் நாங்கள் இல்லாத அன்று தோண்டிய கரிசலையே கொட்டி நிரப்பிவிட்டார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. பில்டர் மேலே பூசித் தருகிறேன் என்கிறார். இவர் உடைத்து கிராவல் போட்டால்தான் சரி என்கிறார். கரிசலில் வீடு கட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்; ஐப்பசிக்கு முன்னால் முடிக்க வேண்டும்.