மேரி லயன்: 60 டொலர் கணக்கு எப்படிக் கட்டுபடியானது?

மாங்குளம்_ரீச்சர்:
மகளிர் தினப் பேச்சுப்போட்டிக்கு ஓ.எல் பிள்ளை ஒண்டை ஆயத்தப்படுத்துறன். தலைப்பு மேரி லயன். 1837இல அமெரிக்காவில மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் பள்ளியை அவ தொடங்கேக்க படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாத்துக்கும் வருசம் 60 டொலர்தானாம். அந்தக் காசில பள்ளி எப்படிக் கட்டுபடியானது? அவவை "முதல் கல்லூரித் தலைவி" என்று எழுதலாமோ?

குளக்கட்டு:
விறகும் விளக்கும் புறம்பு ரீச்சர். முதல் விசயம், கட்டடச் செலவு கட்டணத்தில ஏறேல்லை. அது ஊர் ஊராய்ச் சேர்த்த காசு. அவ முந்திப் படிப்பிச்ச இப்சுவிச் ஊர்ப் பெண்கள் மட்டும் 1000 டொலர் அளவில குடுத்தவை. அப்பத்தைப் பெண்கள் பள்ளிகள் கனக்க தனியாளின்ர சொத்து, ஆள் போனால் பள்ளியும் போச்சு. அதாலதான் 1836இல பள்ளிக்கு அரசிட்டப் பட்டயம் (சட்ட அங்கீகாரம்) எடுத்து அறங்காவலர் சபையிட்டக் குடுத்தவ.

அடுத்தது, சமையலும் கழுவலும் கூட்டலும் மாணவிகளே. முறைபோட்டு ஆளுக்கு நாளைக்கு ஒரு மணித்தியாலமளவு. "வீட்டு வேலை பழக்கினவ" என்று மட்டும் எழுதிப் போடாதேங்கோ, எல்லாரும் விடுற பிழை. அது தாய் வீட்டில பழக்க வேண்டியது என்பதுதான் அவவின்ர நிலை. இங்க வேலையாள் கூலியை மிச்சம்பிடிக்கத்தான்.

மிச்சம் சம்பளத்தில. அவவுக்கே வருசம் 200 டொலர்.

முல்லைக்காத்து:
அந்தச் சம்பளத்திலதான் சிக்கல். பெண்கள் கல்விக்குப் பாடுபட்ட இன்னொரு அமெரிக்க ஆசிரியை கத்தரின் பீச்சர் அப்பவே எதிர்த்தவ. ஞாயம் பீச்சரின்ர பக்கம் என்றுதான் நான் சொல்லுவன்: ஆசிரியையின்ர வயித்தில அடிச்சு மாணவியின்ர கட்டணத்தைக் குறைச்சால் எவ்வளவு காலம் ஓடும்? புகழ் மட்டும் பாடுற பேச்சு எடுபடாது, இதையும் வையுங்கோ. நுழைவுப் பரீட்சை இருந்ததையும், இரசாயனத்தை அவவே பரிசோதனையோட படிப்பிச்சதையும் விடாதேங்கோ.

குளக்கட்டு:
பதவியைக் கேட்டீங்கள். அவவின்ர காலத்தில "பிரின்சிப்பல்". எங்கட "அதிபர்" அச்சொட்டாப் பொருந்தும். அவ 1849இல 52 வயதில செத்துப்போனா. கல்லூரிப் பட்டயம் வந்தது 1888இல, அதால "கல்லூரித் தலைவி" சரிவராது.

முல்லைக்காத்து:
ஒரு ஒப்பீடு கிடக்கு. ஹோலியோக்குக்கு 13 வருசம் முந்தியே, 1824இல, யாழ்ப்பாணத்து உடுவிலில அமெரிக்க மிஷன் பெண்கள் விடுதிப்பள்ளி தொடங்கிட்டுது. அங்க படிக்கப் பிள்ளையளைச் சேர்க்கிறதே பெரும்பாடு. படிச்சு முடிக்கிறவைக்கு மிஷன் சீதனமும் குடுத்தது. 60 டொலரைக் கட்டிப் படிக்க வந்த 80 பேரோட இதைப் பக்கத்தில வைச்சால் பிள்ளையளுக்கு உடன விளங்கும்.

ஐஞ்சு நிமிசப் பேச்செண்டால் 60 டொலரில தொடங்கி பீச்சரோட நிப்பாட்டுங்கோ, காணும்.