டவுட்டா, சஸ்பெக்ட்டா? சந்தேகத்தால் வீணான இரண்டு நாள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கு இடித்தது. ஒரு ரசீதை இரண்டு முறை பதிந்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். மேலாளருக்கு எழுதினேன்: 'ஐ டவுட் தட் தி ரிசீட் வாஸ் என்டர்ட் ட்வைஸ்.' அவர் உடனே, சரி, ரசீதுகளை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்றார். இரண்டு நாள் தேடினோம். கடைசியில் நான் சொன்ன ரசீதில்தான் தப்பு. "அங்கே இருக்காது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் விளங்கியது. டவுட் என்று எழுதினால் 'அப்படி நடந்திருக்காது என்று நினைக்கிறேன்' என்று பொருள். நான் எழுதியிருக்க வேண்டியது சஸ்பெக்ட்: 'அப்படித்தான் நடந்திருக்கும்.' கிட்டத்தட்ட எதிர்ப்பொருள்! ஆனால் இரண்டுக்குமே பள்ளியில் சந்தேகப்படு என்றுதான் மனப்பாடம் செய்திருந்தேன்.

தமிழில் இந்தக் குழப்பம் வருவதில்லை, கவனித்தீர்களா? 'அவன் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டான். 'அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்' என்றால் எடுத்திருப்பான். நாம் வாக்கிய அமைப்பால் பிரிப்பதை ஆங்கிலம் இரண்டு வினைச்சொற்களால் பிரிக்கிறது. ஆளைச் சொல்லும்போதும் அப்படித்தான். 'ஐ டவுட் ஹிம்' என்றால் அவர் பேச்சில் நம்பிக்கை இல்லை. 'ஐ சஸ்பெக்ட் ஹிம்' என்றால் அவர்தான் செய்திருப்பார். என்ன செய்தார் என்று சேர்க்க வேண்டுமானால் பின்னால் 'ஆஃப்' வரும்: 'ஐ சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் லையிங்.' டவுட்டுக்குப் பின்னால் 'இஃப்', 'வெதர்' வரலாம், சஸ்பெக்ட்டுக்குப் பின்னால் வராது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

•

எனக்கு நடந்தது பெயர்ச்சொல்லில். வெளிநாட்டுக்காரர் ஒருவர் விளக்கி முடித்ததும் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. சொன்னதை நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, ஆதாரம் காட்டத் தொடங்கினார். எனக்கோ ஒரு சின்னக் கேள்விதான். அதிலிருந்து வெளியாட்களிடம் 'க்வெஸ்சன்' என்றுதான் சொல்கிறேன். நமக்குள் பேசும்போது டவுட்டே இருக்கட்டும், அதைத் தப்பு என்று திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று, சஸ்பெக்ட் பெயர்ச்சொல்லாக வந்தால் அது சந்தேகம் அல்ல, சந்தேகத்துக்குரிய ஆள். அப்போது அழுத்தம் முதல் அசைக்குப் போகும், வினையில் இரண்டாம் அசைக்கு.

•

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருடன் வேலை செய்தேன். ஒருநாள் கிளம்பும்போது, 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றார். மழை வராது என்கிறார் என்று குடையை வைத்துவிட்டுப் போய் நன்றாக நனைந்தேன். மறுநாள் கேட்டால், மழை வரும்போலிருக்கிறது என்றுதான் சொன்னாராம்! 'இப்படி ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்' என்ற பொருள் டவுட்டுக்கு முன்பு இங்கிலாந்திலும் இருந்தது, ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் இருக்கிறது.

•

அப்படியானால் என் மேலாளர் ஸ்காட்லாந்துக்காரராக இருந்திருந்தால் அந்த ரசீதை அன்றைக்கே எடுத்திருப்போம்.