வெயில் காயும் ஊரில் டியூப்லைட் நாற்று

கானாடுகாத்தானிலிருந்து:

நாற்று விடுவதற்கு விளக்குப் பெட்டி செய்கிறேன் என்று சொன்னதும் எங்கள் சின்னாத்தா ஒரு சிரிப்புச் சிரித்தார். "முத்தத்துல கால வைக்க முடியல, இவன் வெதைக்கு லைட்டுப் போடுறானாம்!" அவர் சொன்னதில் தப்பில்லை. வெளிச்சத்துக்கு எங்கள் பக்கம் என்றுமே பஞ்சம் வந்ததில்லை.

ஆனால் எங்களுடையது பங்காளிகளுக்குப் பொதுவான செட்டிநாட்டு வீடு. நடு முற்றமாகிய வளவைச் சுற்றி அறைகள், அதில் எங்கள் பங்குக்கு ஓர் இரட்டை அறை. முற்றம் பொது. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லாரும் கூடுகிற இடத்தில் மண் தட்டுகளைப் பரப்ப முடியாது. மாடியில் வைத்தால் குரங்கு தட்டோடு கவிழ்த்துவிடும். குரங்கு வராத நாளில் மயில் வரும். ரெண்டு இலை விட்ட தக்காளி நாற்று என்றால் மயிலுக்கு அவ்வளவு பிரியம். இரண்டு வருடம் இப்படியே போனது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. 98 குழி உள்ள நாற்றுத் தட்டில் (குழித்தட்டு) ஒரு குழிக்குப் பிடிக்கிற தென்னைநார்க் கழிவு கொஞ்சம்தான், பத்தரை மணிக்கெல்லாம் பொடியாகக் காய்ந்துவிடும்.

ஆடிப்பட்டத்துக்கு நாற்று தயாராக வேண்டும் என்றால் மிளகாயை வைகாசிக் கடைசியிலேயே விதைக்க வேண்டும், அதற்கு 40 நாள் ஆகும். தக்காளிக்கு 25 நாள் போதும். அப்போது அடிக்கிற வெயிலை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அறைக்குள் போனேன்.

முதல் பெட்டி பழக்கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டி. உள்ளே அலுமினிய ஃபாயில் ஒட்டி, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிஎஃப்எல் பல்பு தொங்கவிட்டேன். ஆறாம் நாள் தக்காளி முளைத்தது. பத்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொன்றும் விரல் நீளம், தையல் நூல் மாதிரி. உச்சியில் இரண்டு இலை. தண்ணீர் ஊற்றினால் அப்படியே படுத்துவிடும். சத்துப் போதவில்லை என்று நினைத்து மண்புழு உரம் வேறு போட்டேன்.

குறை சத்தில் இல்லை, வெளிச்சத்தில். இதை நம்புவதற்கு எனக்கு நாளாகிவிட்டது, ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் பார்த்தால் கண் கூசும். நம் கண்ணை நம்பக் கூடாது. வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள், உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். ராத்திரி டியூப்லைட் போட்ட அறையில் மேசைமேல் 200, 300 தேறினால் அதிகம். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அந்த வித்தியாசம் உறைப்பதில்லை. நாற்றுக்குத் தெரியும். அது வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு மேலே மேலே ஓடி மெலிந்துபோகிறது.

இரண்டாவது பெட்டிக்கு ஒரு காசு மரச்செலவு இல்லை. மாடு கட்டுகிற கட்டுத்துறையில் ஒரு பழைய மேசை பலகை விரிசல் விட்டுக் கிடந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். நான்கு காலும் மேலே நிற்க, அதுவே சட்டம். குறுக்கே இரண்டு கழி கட்டி, நான்கடி எல்இடி டியூப் இரண்டை மெல்லிய சங்கிலியில் தொங்கவிட்டேன். தலா 20 வாட், 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் சாதாரண வெள்ளை டியூப்தான். நாற்றுக்கும் டியூபுக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி. நாற்று வளர வளர, சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தூக்கி மாட்டலாம். விலை கூடின "செடி விளக்கு" இல்லாமலே நாற்றுப் பருவத்துக்கு இது போதும். பூப்பூத்துக் காய்க்கிறவரை உள்ளேயே வளர்ப்பதென்றால் அது வேறு கதை.

மூன்று பக்கமும் வெள்ளை சார்ட் ஒட்டிய அட்டை. நாலாவது பக்கம் அறைச் சுவர்தான். அப்பத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தது, இன்னும் கையை வைத்தால் வழுக்கும். அதைவிடவா நான் ஒரு வெள்ளை அட்டை செய்துவிடப் போகிறேன்? ஃபாயில் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் பெட்டியில் கசங்கின ஃபாயில் ஓரம் ஹோல்டர் பக்கம் தோல் உரிந்த வயரில் பட்டிருக்கிறது. தண்ணீர் தெளிக்கக் கையை உள்ளே விட்டபோது உலுக்கிய உலுக்கில் தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஈரமும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வேலை இது. செய்கிறவர்கள் வயரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள்.

விளக்கு தினம் 14 மணி நேரம். முளைக்கிறவரை தக்காளிக்கும் மிளகாய்க்கும் வெளிச்சமே தேவையில்லை, கதகதப்பும் ஈரமும் போதும். முளை தலைநீட்டிய அன்றைக்கே போட்டுவிட வேண்டும். பகலில் எரியவிட்டால் அறைச் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்து 35 டிகிரி தாண்டியது. அதனால் மாலை 6 முதல் காலை 8 வரை என்று மாற்றினேன். செடிக்கு எது பகல் எது ராத்திரி என்பது விளக்கை வைத்துத்தானே! 40 வாட் 14 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும்.

டைமர் ஒரு வேடிக்கை செய்தது. வட்டமாகச் சுற்றுகிற பழைய மாதிரி டைமர், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். அரைமணி, கால்மணி என்று போய்ப் போய், இரண்டு வாரத்தில் என் "காலை 8" காலை 11 ஆகியிருந்தது. இது போதாதென்று, பூட்டிக் கிடக்கிற வீட்டில் விடிய விடிய வெளிச்சம் தெரிகிறதே என்று பக்கத்து வீட்டு ஆச்சி சென்னையில் இருக்கிற பங்காளிக்குப் போன் போட்டுவிட்டார். தக்காளி நாற்று என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, நாற்று மெலிகிறது ஒரு கஷ்டம்தான். எனக்கு அதைவிடப் பெரியது நாற்றழுகல். ஈரம் போகாமல் இருக்கட்டும் என்று தட்டுமேல் பாலித்தீன் மூடியிருந்தேன். முளைத்த பிறகும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு மூலையில் நாலைந்து சாய்ந்து கிடந்தன. எடுத்துப் பார்த்தால் மண் ஒட்டுகிற இடத்தில் மட்டும் தண்டு சுருங்கி, ஊறின நூல் மாதிரி. மேலே இலை பச்சையாகவே இருக்கிறது! சாயங்காலத்துக்குள் பாதித் தட்டு போய்விட்டது.

இப்போது முளை தெரிந்ததும் மூடியை எடுத்துவிடுகிறேன். மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதே இல்லை. தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதில் குழித்தட்டைப் பத்து நிமிடம் வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று தடவை அலசி உப்பை எடுத்துவிட்டு, டிரைகோடெர்மா என்கிற, அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையைக் கலந்து வைக்கிறேன். அப்புறம், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றின சின்ன ஃபேன் ஒன்று ஓரமாக ஓடுகிறது. காற்றில் ஆடினால் தண்டும் கொஞ்சம் தடிக்கிறது, அது எதிர்பாராத லாபம்.

பள்ளத்தூரிலிருந்து:

நான் பெட்டியில் தோற்கவில்லை, வெளியே எடுத்த அன்றைக்குத் தோற்றேன். குட்டை குட்டையாக, கரும்பச்சையாக 60 கத்தரி நாற்று. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். பெருமையில் நேரே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் இலையெல்லாம் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. ஆறோ ஏழோ பிழைத்தன. இப்போது ஒரு வாரம் பழக்குகிறேன். முதல் இரண்டு நாள் புங்க மர நிழல், மூன்றாம் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போவது.

கோட்டையூரிலிருந்து:

தம்பிகளா, எனக்கு 68 வயது. மேட்டுப்பாத்தி போட்டு, வைக்கோல் மூடி, மேலே கீற்று வேய்ந்து நாற்று விட்டவன். முளை கண்டதும் வைக்கோலை எடுத்துவிடுவோம். மயிலுக்குப் பழைய மீன்வலை. கரண்ட் கேட்காது, டைமர் ஏமாற்றாது. தோட்டம் இருக்கிறவனுக்கு இந்தப் பெட்டி எதற்கு?

கானாடுகாத்தானிலிருந்து மறுபடி:

ஐயா, தோட்டம் இருந்தால் நானும் பாத்திதான் போடுவேன். எனக்கு இருப்பது ஓர் அறையும் உடைந்த மேசையும்.

தேவகோட்டைத் தங்கச்சி சொன்ன தாம்பாளத் தண்ணீரை இந்த வருடம் செய்து பார்த்தேன். 98 குழியில் 81 மிளகாய் நின்றது. அதில் 16 சின்னாத்தா வீட்டுக்கே போனது. ஓலைக் கொட்டானில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு நாற்றை எடுத்துத் தண்டை நகத்தால் லேசாக அமுக்கிப் பார்த்தார். "லைட்டு நாத்தா இது?" என்று மட்டும் கேட்டார்.