‘கீறல் நீக்கம்’ என்பது சரிதானா? – கார் பெயிண்டுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம். கார் பெயிண்டில் விழும் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யும் வேலைக்கு (scratch removal) நம் குழுவில் தமிழ்ச்சொல் தேடுகிறோம் அல்லவா, அதில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> கார் பெயிண்டில் விழும் லேசான கோடுகளுக்கு ‘நுண்கீறல்’ போதுமே, புதுச்சொல் எதற்கு?

நுண்கீறல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நுண்மை அகலத்திலா ஆழத்திலா என்று அது சொல்வதில்லை. காரில் ஆழம்தான் பேச்சே. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இந்தக் கடைசிப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. கோடு அதற்குள்ளேயே நின்றுவிட்டால் தேய்த்தே சரிசெய்யலாம். அதைத் தாண்டினால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

ராமநாதபுரத்தில் எந்தப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனாலும் பெயிண்டர் முதலில் விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுத்துப் பார்ப்பார். நகம் தட்டாவிட்டால், “காம்பவுண்ட் போட்டா போயிரும்ணே” என்பார் (காம்பவுண்ட் என்பது தேய்த்து மெருகேற்றும் களிம்பு). தட்டினால் டச்சப், அதாவது அந்த இடத்துக்கு மட்டும் நிறம் பூசுவது. தகரமே தெரிந்தால் பள்ளத்தை நிரப்பும் பட்டி, பிரைமர் என்று வேலை நீளும். சொல்லும் இந்த வரிசையிலேயே இருக்கட்டுமே: மேற்பூச்சுக்கீறல், நிறப்பூச்சுக்கீறல், தகட்டுக்கீறல். கடைசியானதற்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கத்து உப்புக்காற்றில் தகடு தெரிய நிற்கும் வண்டி சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அதை மற்ற இரண்டோடு சேர்த்து ‘கீறல்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் அசட்டையாக இருந்துவிடுவார்.

> வெயிலில் வட்டவட்டமாகத் தெரிவதற்குச் ‘சுழிக்கீறல்’ எப்படி?

அழகான சொல். ஆனால் அந்தக் கோடுகள் சுழியாக இல்லை. நாலா திசையிலும் கன்னாபின்னாவென்று கிடப்பவை அவை. ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போட்டதுபோலத் தெரிகிறது. கறுப்பு வண்டியின் பானெட் முன் நின்று செல்போன் டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

தோற்றத்தை விட்டு, வந்த வழியை வைத்துப் பெயரிடலாம். தனுஷ்கோடிச் சாலையில் கச்சான் காற்று வீசும் நாளில் போய்வந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மணல் மாவு சலித்ததுபோல அப்பியிருக்கும். உப்பு ஈரத்தை இழுத்து அந்த மணலை ஒட்டவைத்துக்கொள்ளும். காலையில் டிரைவர் காய்ந்த பனியன் துணியால் ஒரு துடை துடைப்பார். அவ்வளவுதான். கோடு போடுவது உப்பு அல்ல (கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவில் அது சுமார் 2.5), மணலில் இருக்கும் குவார்ட்ஸ், அது 7. எனவே ‘துடைப்புக்கீறல்’ என்பது என் முன்மொழிவு. ‘துடைகீறல்’ இன்னும் கச்சிதம்தான், ஆனால் எங்கள் பக்கம் துடை என்றால் தொடை, காலில் கீறல் என்று எடுத்துக்கொள்வார்கள்!

இந்தச் சொல்லில் பராமரிப்பு முறையும் அடங்கியிருக்கிறது: துடைக்கும் முன் தண்ணீர் அடித்து மணலை இறக்கு. கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீர். இல்லையென்றால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

> மூலச்சொல்லுக்குக் ‘கீறல் நீக்கம்’ என்றே வைத்துவிடலாமா?

இதற்குத்தான் நான் உடன்படவில்லை. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எப்படி நீக்குவது? அதைச் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறோம், அவ்வளவே. கீழக்கரைச் சங்கைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவருக்கு இது புதிதல்ல. பளபளப்பு வரும், சங்கு கொஞ்சம் குறையும். காரிலும் ஒவ்வொரு முறையும் அந்த 40, 50 மைக்ரானில் ஒரு பங்கு போய்விடுகிறது. 2000-ஆம் எண் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) எடுத்தால் இன்னும் வேகமாகப் போகும். கதவின் விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே பாலிஷ் மிஷினை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் நிறமே பெயர்ந்து வந்துவிடும். ‘நீக்கம்’ என்று படித்தவர் மாதாமாதம் நீக்கச் சொல்வார்.

தமிழில் ‘இழைத்தல்’ இருக்கிறது. சந்தனத்தை இழைக்கிறோம், பலகையை இழைக்கிறோம். இரண்டிலும் பொருள் தேய்கிறது என்பது கேட்பவருக்குத் தானாகவே விளங்கும். ஆகவே ‘கீறல் இழைப்பு’. காம்பவுண்டுக்கு ‘இழைகளிம்பு’, ஊறுகாய் போல வினைத்தொகை, எனவே க் மிகாது. வெறும் மெழுகு பூசினால் கோடு நிரம்பி மறையும், சில தடவை கழுவியதும் பழையபடி தெரியும். அதைக் ‘கீறல் மறைப்பு’ என்று பிரித்துவிட்டால், கடைக்காரர் எதற்குக் காசு கேட்கிறார் என்பதும் தெளிவாகும்.

கிளியர் கோட்டுக்கு வந்த ‘தெளிபூச்சு’ எனக்கு இன்னும் இடிக்கிறது. தெளித்த பூச்சு என்றும் படிக்கலாம், பிரைமரும் நிறமும்கூடத் தெளிப்பவைதானே. ‘பளிங்குப்பூச்சு’ என்றால் தரைக்கல் நினைவு வரும். நல்ல சொல் கிடைக்கும்வரை ‘மேற்பூச்சு’ என்றே ஓட்டலாம். பட்டறைத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால், கடையில் இதை என்ன சொல்லிக் கேட்பீர்கள் என்று எழுதுங்கள்.