மறுமொழி: குழாய்நீரின் கடினமும் 'நீர்க்காரை' என்ற சொல்லும்

குழும அன்பர்களுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

கால்சியம் போன்ற கனிமங்கள் மிகுதியாகக் கரைந்த கடின நீரைக் காய்ச்சும்போது கேத்தலின் அடியிலும் வெந்நீர்க் கலத்தின் கம்பிச் சுருளிலும் வெள்ளையாக இறுகிப் பிடித்துக்கொள்வதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: செதில், பொருக்கு, சுண்ணப்படிவு. நான் நான்காவதாக 'நீர்க்காரை' என்பதை முன்வைக்கிறேன்.

செதிலை முதலில் விலக்கிவிடலாம். மீனுக்கும் பாம்புக்கும் உள்ள செதில் உடம்பிலேயே முளைப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'scale' என்ற ஒரே சொல் அமைந்துவிட்டது என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. பொருக்கு நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் புண்ணிலும் வயற்சேற்றிலும் காய்ந்து உரிந்து வருவதை அல்லவா பொருக்கு என்கிறோம்? கேத்தலில் பிடிப்பது சுரண்டினால்கூட லேசில் வராது. சுண்ணப்படிவு பொருளளவில் சரி. ஆனால் தண்ணீர்த் தொட்டியின் அடியில் தங்கும் வண்டலையும் படிவு என்றே சொல்கிறோம். இந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லத்தான் நமக்குப் புதுச் சொல்லே தேவைப்படுகிறது.

காரை என்றால் சுண்ணச்சாந்துப் பூச்சு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு நீற்றி, மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைச் செப்பனிடுவோர் இன்றும் சுண்ணக் காரை பூசுவதைப் பார்க்கலாம். இப்போது கேத்தலுக்கு வருவோம். கடின நீரில் கால்சியம், பைகார்பனேட்டாகக் கரைந்து நிற்கிறது. சூடேறியதும் கரியமில வாயு வெளியேறுகிறது. கரைய முடியாத கால்சியம் கார்பனேட் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒன்று வாயுவை ஏற்று இறுகுகிறது, மற்றது வாயுவை விட்டு இறுகுகிறது. முடிவில் சுவரில் இருப்பதும் கேத்தலில் இருப்பதும் ஒரே பொருள். வேதியியலும் வழக்கும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் சொல் கையில் இருக்கும்போது அதை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

'பல்லில் காரை படிந்திருக்கிறது' என்பதும் எல்லோருக்கும் தெரிந்த பேச்சுதான். பற்காரையில் மிகுந்திருப்பது கால்சியம் பாஸ்பேட் என்றாலும், உமிழ்நீரில் கரைந்த கனிமம் பல்லில் இறுகுகிறது என்ற அமைப்பு ஒன்றே. தனியாகக் காரை என்றால் செடியையும் குறிக்கும் என்பதால் 'நீர்' என்ற முன்னொட்டு வேண்டும். அதில் இன்னொரு வசதியும் உண்டு: கொதிகலன்களில் சல்பேட்டும் சிலிகேட்டும்கூட இறுகும்; 'சுண்ண' என்று தொடங்கும் சொல் அங்கே பொருந்தாது.

கடின நீரே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இவருக்கு ஏன் இந்தக் கவலை என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இங்கே பினாங்கின் தண்ணீர்மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கருங்கல்லின் மேல் ஓடி வருகின்றன. கருங்கல் கால்சியத்தை அதிகம் விடுவதில்லை. பினாங்கு மாநிலத்தின் பெரும்பங்கு நீரைத் தரும் மூடா ஆறும் மென்னீர்தான். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பத்துமலை முழுச் சுண்ணாம்புக் குன்றாக நின்றாலும், நகரத்தின் குழாய்நீர் தித்திவங்சா மலைத்தொடரின் ஆறுகளிலிருந்து வருவதால் அதுவும் மென்மையானதே. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கிலும் பெர்லிஸ் மாநிலத்திலும் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய கிணறுகளில்தான் நாம் கடினத்தைப் பார்க்கிறோம்.

அப்படியிருந்தும் சுங்கை ஆராவில் என் பெரியம்மா வீட்டுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் குழாய்நீர், மற்றதில் அவர் கொண்டுவந்த வடிகட்டிய நீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். சற்று நேரத்தில் குழாய்நீர் பழுப்பாகித் திப்பி திப்பியாக மிதந்தது. மற்றது தெளிவாகவே நின்றது. "இதுதான் அம்மா கடின நீர், இதைத்தான் நீங்கள் குடிக்கிறீர்கள்" என்றார். கரைந்து பழுப்பானது அவருடைய இரும்புக் கம்பி. உப்புகள் நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். நெடுநாள் புழங்கிய பெரியம்மாவின் கேத்தலோ அடுப்பருகே உட்புறம் பளபளவென்று இருந்தது. 'கடின நீரென்றால் காரை எங்கே?' என்று கேட்கப் பெரியம்மாவுக்குச் சொல் இல்லை. பணம் கட்டிவிட்டார். என்னைக் கொதிக்க வைப்பது இதுதான்.

நம் வீடுகளில் கலங்கல் வருவது பெரும்பாலும் வண்டலாலோ பழைய இரும்புக் குழாயின் துருவாலோதான். காரை, துரு, வண்டல் மூன்றும் மூன்று சிக்கல்கள், தீர்வுகளும் வேறு. வண்டலைப் பிடிக்கும் வடிகட்டி கரைந்த கால்சியத்தைப் பிடிக்காது. அதற்குக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வேறு அயனியை நீரில் விடும் அயனிப் பரிமாற்ற மென்னீராக்கி வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைத்துக் கரைவது சுண்ணக் காரை, துரு நுரைக்காது.

'கடினத்தன்மை'யா 'வன்மை'யா என்ற விவாதத்தை நான் நீட்டவில்லை. தமிழகப் பாடநூல்கள் கடின நீர் என்கின்றன, இலங்கையில் வன்னீர் என்கிறார்கள், மென்னீர் இருவருக்கும் பொது. இரண்டும் நிலைத்துவிட்டவை, இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படிக்கும் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியில் 'ஆயர் லியாட்' என்று பெரும்பாலும் மலாயில்தான் கடின நீரைப் படிக்கிறார்கள். அதன் பிறகு தமிழில் அதைப் பற்றிப் பேச வாய்ப்பு வீட்டில் மட்டுமே. அதனால்தான் பாட்டிக்கும் புரியும் சொல்லாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாது என்று பெண்கள் சொல்வதை நண்பர் குறிப்பிட்டதற்கு ஒரு சேர்க்கை: பருப்பின் உயிரணுச் சுவரில் ஒட்டுப் பொருளாக இருக்கும் பெக்டினைக் கால்சியம் பிணைத்துவிடுவதே காரணம். சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளையாகத் திரள்வதும் கால்சியத்தின் வேலைதான். அந்தத் திரளுக்கு 'சவர்க்காரக் கசடு' போதும். அதையும் காரை என்று அழைக்க வேண்டாம்.

ஏற்றுக்கொண்டால் காரை படிதல், காரைநீக்கி, காரைத்தடுப்பு என வினையும் பெயரும் தடையின்றிக் கிளைக்கின்றன. இறுதி செய்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலைகளில் கொதிகலனைப் பார்த்துக்கொண்ட நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். குழாயின் உட்புறம் இது இறுகினால் வெப்பம் நீருக்குக் கடக்காமல் உலோகமே வெந்து வெடிக்கும் என்பதால் அவர்கள் இதைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்திருப்பார்கள். அவர்களிடையே ஏற்கெனவே ஒரு தமிழ்ச் சொல் புழங்கினால், என் பரிந்துரையை விட அதற்கே முன்னுரிமை தர வேண்டும். அவர்களைத் தெரிந்தவர்கள் கேட்டு எழுதுங்கள்.