கதைக்கு ஒரு உதவி வேணும்: போர் முடிஞ்ச பிறகு தோட்டத்துல என்ன நடந்துச்சு?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். வேற்றுக்கிரகத்தாரோட நடந்த போர் முடிஞ்சு நம்ம தோட்டத்து ஆளுங்க வீடு திரும்புற மாதிரி ஒரு கதை. சண்டையைச் சுலபமா எழுதிட்டேன். அதுக்கப்புறம்தான் பேனா நகரல. சூரியனை விட்டா நமக்குப் பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரியில சமாதானம் ஆனாலும், ஒளி வேகத்துல வந்தாலே சேதி இங்க வந்து சேர 4.2 வருஷம் ஆகும். அதுவரைக்கும் காலையில பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்குற பிரட்டுல, சண்டைக்குப் போனவங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்களா?

நிஜத்துல நடந்ததைக் கேட்டா கதைக்கு உதவும். 1945-ல ஜப்பான்காரன் தோத்ததும், அவன் ஆட்சியில இங்க அடிச்சுவிட்ட வாழைமரம் போட்ட நோட்டு வெறும் காகிதமாச்சு. எங்க தாத்தா அதை பிஸ்கட் டின்ல கட்டுக்கட்டா வச்சிருந்தாரு. ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பினவங்களை வீட்டுல எப்படிச் சேர்த்துக்கிட்டாங்க? கருமாதி முடிஞ்சப்புறம் வாசல்ல வந்து நின்னவங்க உண்டா? பெரியவங்க சொன்னதை எழுதுங்க, குரல் பதிவா போட்டாலும் சரி. லேசர் துப்பாக்கி யோசனை மட்டும் வேணாம், ஏற்கனவே நிறைய இருக்கு.