திரையில் நம்மைப் போல் ஒருவனைப் பார்த்தது உண்டா? உங்கள் அனுபவம் எழுதுங்கள்

கோணல்நடை:
எனக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம், அதாவது சிபி. இடது கால் இழுக்கும், இடது கைக்கும் சட்டைப் பொத்தானுக்கும் தினமும் காலையில் சண்டை. கே, அதாவது ஆண்களை விரும்பும் ஆண், என்பது கல்லூரியில் உறுதியாயிற்று. இந்த இரண்டும் சேர்ந்த ஒருவனை நான் முதலில் பார்த்தது நெட்ஃபிளிக்ஸில் 2019-ல் வந்த 'ஸ்பெஷல்' தொடரில். எழுதி நடித்த ரயன் ஓ'கானலுக்கு நிஜத்திலும் சிபி, நிஜத்திலும் கே. நடிப்புக்காகக் காலை இழுப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, அடுத்த சீனில் எந்தக் கால் என்று மறந்துவிடுவார்களோ என்றே கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இங்கே அந்த வேலை இல்லை.

ஆரம்பத்திலேயே தொடரின் நாயகன் நடைபாதையில் விழுகிறான். ஒரு சின்னப் பையன் என்ன ஆச்சு என்று கேட்க, இவன் பொறுமையாக சிபி பற்றி விளக்க, பையன் அலறிக்கொண்டு ஓடுகிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம்ம பஸ்ஸில் குழந்தை கேட்பதற்குள் அம்மாவே முந்திக்கொண்டு "சாப்பிடலைன்னா இப்படித்தான் ஆகும் பாரு" என்று சொல்லிவிடுவார்.

அப்புறம் அவன் மேல் ஒரு கார் மோதுகிறது. புதிய அலுவலகத்தில் எல்லோரும் கால் இழுப்பதற்கு விபத்துதான் காரணம் என்று நினைத்துக்கொள்ள, இவன் அதை அப்படியே விட்டுவிடுகிறான். கே என்பதை மறைக்கவில்லை, சிபியைத்தான் மறைக்கிறான்! ஓ'கானல் சொந்த வாழ்க்கையிலும் இதையே செய்தவர். ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பைக்கில் விழுந்ததாகத்தான் சொல்லிவைத்தேன். விபத்து என்றால் "சீக்கிரம் சரியாயிடும் தம்பி" என்று முடித்துக்கொள்வார்கள், பிறவி என்றால் உங்க அப்பா அம்மா சொந்தத்திலா கட்டினார்கள் என்று விசாரணை ஆரம்பித்துவிடும்.

சக்கரவண்டி:
கோணல்நடை கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு ஸ்பெஷல் அவ்வளவாக ஒட்டவில்லை. நான் சக்கர நாற்காலி. அவன் நடக்கிறான், ஒரு பொய் சொல்லி மறைக்கிற வசதி அவனுக்கு இருக்கிறது, என்னால் எதை மறைக்க முடியும்? 'செக்ஸ் எஜுகேஷன்' தொடரில் சக்கர நாற்காலியில் வரும் ஐசக், தன் உடம்பில் எங்கே தொட்டால் உணர்வு தெரியும் என்று மேவ் என்ற பெண்ணிடம் சொல்லும் காட்சி வருமே, அதில் நடித்த ஜார்ஜ் ராபின்சன் நிஜமாகவே கைகால் செயலிழந்தவர். அதைப் பார்த்தபோது, இதே காட்சியில் மேவ் இருக்கும் இடத்தில் ஒரு ஆண் இருந்தால் எப்படி இருக்கும் என்றுதான் மனசு ஓடியது. இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பார்கள் நமக்கு. ஒன்று நாற்காலி, இல்லாவிட்டால் கே.

2022-ல் அமெரிக்காவில் மறுபடி எடுத்த 'குவியர் அஸ் ஃபோக்'கில் இரண்டையும் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் கதை. இரண்டு கால்களும் இல்லாத எரிக் கிரைஸ், சக்கர நாற்காலியில் வரும் மார்வினாக நடித்தார். வாய்த்துடுக்கு, சிடுசிடுப்பு, ஆசை எல்லாம் உள்ள ஆள், யாருக்கும் உத்வேகம் ஊட்டுவதற்காகப் பிறந்தவன் இல்லை. ஓ'கானலும் அதே தொடரில் இருக்கிறார், அதாவது ஒரே தொடரில் நம்ம ஆட்கள் இரண்டு பேர்! ஒரே ஒருவன் இருந்தால் அவன் நம் எல்லோர் பாரத்தையும் சுமக்க வேண்டும், இரண்டு பேர் இருந்தால் ஒருவன் எரிச்சலூட்டினாலும் தப்பில்லை. ஒரு சீசனோடு நிறுத்திவிட்டார்கள், அது வேறு கதை.

கோணல்நடை:
கோபம் எல்லாம் இல்லை அண்ணா, நடக்க முடிகிறவனைத்தான் முதலில் திரையில் விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பெஷலில் முதல் முறை உறவுக்காக அவன் பணம் கொடுத்து ஒருவனிடம் போகும் காட்சியை மட்டும் தனியாகப் பாருங்கள். வழக்கமாக இந்த மாதிரிக் காட்சி என்றால் கேலி, இல்லாவிட்டால் ஒரே அழுகை. இதில் அந்த ஆள் அவசரப்படுத்தவே மாட்டான், எது வசதி என்று கேட்டுக் கேட்டுச் செய்வான். என் கால் இறுகிக்கொள்ளும்போது எதிரில் இருப்பவன் என்ன நினைப்பான் என்ற பயத்திலேயே நான் எத்தனையோ சந்திப்புகளைத் தட்டிக்கழித்திருக்கிறேன், அந்தப் பயத்தை வசனமே இல்லாமல் காட்டியிருந்தார்கள். முதல் சீசனில் எபிசோடு கால் மணி நேரம்தான், 2021-ல் வந்த இரண்டாவது சீசனில்தான் அரை மணி அளவுக்கு இடம் கிடைத்தது. அதோடு முடித்தும் விட்டார்கள்.

காதால்பார்ப்பவன்:
நான் முழுப் பார்வையற்றவன், தொடர்களைக் கேட்டுத்தான் பார்க்கிறேன். 2015-ல் 'டேர்டெவில்' தொடரில் ஆரம்பித்து நெட்ஃபிளிக்ஸ் குரல் விவரிப்பு கொடுக்கிறது. அதற்கு முன்பு தங்கைதான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று சொல்லுவாள். இரண்டு ஆண்கள் முத்தமிடும் காட்சியைத் தங்கை எப்படிச் சொல்வாள்? "ஒண்ணும் இல்லண்ணா, சும்மா பேசிட்டு இருக்காங்க" என்றுவிட்டாள். பேசுகிறார்களாம், சத்தமே வரவில்லை! இப்போது இயர்போனில் ஒரு பெண் செய்தி வாசிக்கிற குரலில் யார் கை யார் இடுப்பில் என்று நிதானமாகச் சொல்கிறார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

என்னைப் போல் பார்வையில்லாத கே ஒருவனை முக்கியப் பாத்திரமாக வைத்த தொடர் எதுவும் என் காதில் இதுவரை விழவில்லை. யாருக்காவது தெரிந்தால் பேரைப் போடுங்கள், குரல் விவரிப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இனி தங்கையைக் கேட்க முடியாது, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.